பட்டியலில் நான் எழுதாத படம்

2024 நவம்பர் 9ஆம் தேதி டெல்லி கணேஷ் காலமானார். அடுத்த வாரம் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு டியூஷன் சென்டரின் மாடிக் கொட்டகையில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். மாதம் ஒரு படம் போட்டுப் பேசுகிற பிள்ளைகள். பழைய படம் என்றால் இந்தப் பக்கத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது நிமிஷம் பேசினேன். விமானப்படை வேலையை விட்டு நாடகத்துக்கு வந்தவர் என்று ஆரம்பித்து, 1977இல் கே. பாலசந்தர் 'பட்டினப்பிரவேசம்' படத்தில் வாய்ப்புக் கொடுத்தது, 'சிந்து பைரவி'யில் மிருதங்கக்காரர், 'நாயகன்' படத்து ஐயர், 'மைக்கேல் மதன காமராஜன்' பாலக்காட்டு மணி ஐயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள்.

எர்ணாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான்.

"சார், 'பசி' பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 'பசி' படத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற முனியாண்டியாக நடித்ததற்குத்தான் டெல்லி கணேஷுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. அவருக்கான அஞ்சலியில் அந்தப் படத்தை விட்டுவிட்டுப் பேச, ஒன்று தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லை வேண்டுமென்றே விட்டிருக்க வேண்டும்.

"முக்கியமான படந்தான் தம்பி. ஆனா மெலோடிராமா. அழுகை ஜாஸ்தி. இன்னிக்குப் பார்த்தா நிக்காது" என்றேன்.

அவன் மடியில் இருந்த நோட்டில் அதை எழுதிக்கொண்டான். 'மெலோடிராமா' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடும் போட்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதிலை நான் சொன்னது அது முதல் தடவை இல்லை. நாற்பது வருஷமாகச் சொல்லிவந்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அது என் அபிப்பிராயமே இல்லை. ஒரு பொய். அதை இன்னொருத்தன் நம்பி எழுதிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவன். வேலை அதுவானாலும் மனசு சினிமாவில். சிறுபத்திரிகைகளில் எழுதியிருக்கிறேன், ஃபிலிம் சொசைட்டிகளில் பேசியிருக்கிறேன். 1977இலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் தமிழ் சினிமாவுக்கு ஒரு பொற்காலம் என்று நானும்தான் திரும்பத் திரும்ப எழுதினேன். அதில் எனக்குப் பிடித்த பத்துப் படங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. பாரதிராஜாவின் '16 வயதினிலே'. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்'. பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்', 'மூன்றாம் பிறை', 'வீடு'. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிகப்பு', 'தண்ணீர் தண்ணீர்'. மணிரத்னத்தின் 'மௌன ராகம்', 'நாயகன்'. வரிசை மாறும், பெயர்கள் மாறாது. இந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் பொய்யாகப் புகழவில்லை. 'உதிரிப்பூக்கள்' கடைசியில் அந்த ஊர்க்காரர்கள் சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்கு நடத்திப் போவதை இத்தனை தடவை பார்த்த பிறகும் எனக்கு வயிறு கலங்கும். ஹார்பர் ஆட்கள் நிறைந்த எங்கள் பேட்டையில், 'முள்ளும் மலரும்' காளி விஞ்சு ஓட்டுகிறவன் என்பதற்காகவே அவனுக்குத் தனி மரியாதை. பட்டியல் உண்மை. அதில் இல்லாத ஒரு படத்தில்தான் என் பொய் இருக்கிறது.

ஷோபாவைப் பற்றி நான் மட்டும் மூன்று கட்டுரை எழுதியிருக்கிறேன். 'முள்ளும் மலரும்' வள்ளி, 'அழியாத கோலங்கள்' டீச்சர் என்று பக்கம் பக்கமாக. அந்தப் பெண்ணுக்குத் தேசிய விருது கிடைத்தது 'பசி'க்காக. 1979ஆம் வருஷத்தின் சிறந்த நடிகை. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதே 'பசி'க்குத்தான். விருதை ஒரு வரியில் சொல்வேன். எந்தப் படத்துக்கு என்பதை அடுத்த வரியில் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். 'உதிரிப்பூக்கள்' விஜயன்தான் 'பசி'யில் லாரி டிரைவர். அவரைப் பற்றி எழுதியபோதும் அப்படியே நகர்ந்தேன். வாசகர் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'மெலோடிராமா' என்ற சொல் தயாராக இருந்தது.

இனி காரணத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டி. வீடு என்றால் ஓலைக் கூரை, மண் சுவர், உள்ளே நிமிர்ந்து நிற்க நடுவில் மட்டும் இடம். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். நான் ஆறாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாதான். கூட்ஸ் யார்டில் கோதுமை, அரிசி மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுப்பார்கள். கொக்கி குத்திய இடத்தில் சாக்கு கிழிந்து தானியம் சிந்தும். வேகன் காலியானதும் அம்மா மாதிரி ஏழெட்டுப் பெண்கள் துடைப்பத்தோடு உள்ளே போவார்கள். வாட்ச்மேனுக்கு ஒரு படி. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா முறத்தில் போட்டுப் புடைப்பாள். மண், சணல் நார், கரித்தூள் எல்லாம் தனியாகப் பிரியும். ஹார்பர் கரி அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுத் துணி, தண்ணீர், சோறு எல்லாவற்றிலும் இருக்கும். புடைத்ததை அலசினால் முதல் தண்ணீர் தார் மாதிரி கறுப்பாக ஓடும். மூன்றாவது தண்ணீரில்தான் கோதுமைக்குக் கோதுமை நிறம் வரும். அதைக் காயவைத்துத் தெருவில் விற்பாள். நான் படித்தது அந்தக் கோதுமையில்.

பாரிமுனைப் பக்கம் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் மார்க்கைப் பார்த்து என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே போன முதல் வாரமே என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். 'இன்னா', 'அப்பால', 'குந்து', 'துன்னு' எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் நாக்கிலிருந்து கழற்றிவிட்டேன். வீடு எங்கே என்று கேட்டால் 'பீச் ஸ்டேஷன் பக்கம்' என்பேன்.

1980 தொடக்கத்தில், பிளஸ் ஒன் படிக்கும்போது, 'பசி' எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு வந்து, "நம்ம கதய அப்டியே படமா புடிச்சிருக்காங்க, போய்ப் பாரு" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா சினிமாவுக்குப் போவதே அபூர்வம். அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், இரண்டு வரிசை முன்னால் என் வகுப்புப் பையன்கள் நாலு பேர்.

படத்தில் ஷோபா நடித்த குப்பம்மா வாயைத் திறந்தாள். தியேட்டரில் பல பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் உண்டு, அதை இப்போது என்னால் விளக்க முடிகிறது. சந்திரபாபு, தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் என்று மெட்ராஸ் பாஷை அதுவரை திரையில் அநேகமாகக் காமெடியன் வாயில்தான் வந்தது. ஜெயகாந்தன் 1965இலேயே 'உன்னைப்போல் ஒருவன்' என்று சேரி வாழ்க்கையைப் படமாக எடுத்தார், ஆனால் அதைப் பார்த்தவர்கள் குறைவு. அந்தப் பேச்சைக் கேட்டதும் சிரிக்க வேண்டும் என்று ஜனங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதே பாஷை பேசுகிற எங்கள் ஆட்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். கதாநாயகி ஒருத்தி, குப்பை பொறுக்குகிறவள், அந்தப் பேச்சில் கோபப்படுவாள், ஆசைப்படுவாள், அழுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் தியேட்டர் அடங்கிவிட்டது. இயக்குநர் துரை அதைச் சாதித்தார்.

நான் அடங்கவில்லை. என் வகுப்புப் பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். நானும் அவர்களில் ஒருத்தன் என்று காட்ட வேண்டியிருந்தது. குப்பம்மா பேசும்போதெல்லாம் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் சிரித்ததை அவள் கேட்டாள். திரும்பி என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். இடைவேளையில் அந்தப் பையன்கள் வந்து, "கூட யார்றா?" என்றார்கள். "தெரிஞ்சவங்க" என்றேன். அம்மா கைக்கெட்டும் தூரத்தில், முறுக்கு வாங்கச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கும் தெரியாது.

திரும்பி நடக்கும்போது அம்மா சண்டை எதுவும் போடவில்லை. "அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிச்சு இல்ல? எந்தக் குப்பத்துப் பொண்ணோ" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு மாசம் கழித்து அதே பையன்களில் இரண்டு பேர் நோட்டு வாங்க வழி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். பலகையைத் துடைத்துப் போட்டு, "குந்துங்கப்பா, நாஸ்டா துன்னீங்களா?" என்றாள். அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். போன பிறகு நான் அம்மாவிடம் கத்தினேன். "குந்துன்னு ஏம்மா சொல்ற? உக்காருன்னு சொன்னா என்ன? அந்தப் படத்துல அந்தப் பொண்ணு பேசறப்ப எல்லாரும் சிரிச்சாங்கல்ல, பாத்தல்ல?"

அதற்குப் பிறகு என் சிநேகிதர்கள் எதிரே அம்மா பேசவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்தாலும், பிறகு ஆபீஸ்காரர்கள் வந்தாலும், தண்டையார்பேட்டையில் நான் வீடு கட்டிய பிறகு எழுத்தாளர்களெல்லாம் வந்தபோதும், சிரித்த முகத்தோடு டீ டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். 'உங்கம்மா ரொம்ப அமைதி' என்பார்கள். தெருவில் ஒருத்தி அம்மாவை வம்புக்கு இழுத்தால் அந்தத் தெருவே கூடி நின்று கேட்கும், அப்படிப் பேசக்கூடியவள். அவள் வாயை மூடியது நான். எனக்கு அது தெரியும். தெரிந்தும், அது எனக்கு வசதியாக இருந்ததால் 2009இல் அவள் சாகும்வரை 'பேசும்மா' என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

1980 மே 1ஆம் தேதி ஷோபா தற்கொலை செய்துகொண்டார். பதினேழு வயசு. பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். "டேய், இது குப்பம்மாடா. இன்னா போட்டுருக்கு, படி" என்றாள். படித்துச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மலையாளத்துப் பொண்ணா அது?" என்றாள்.

"ஆமா."

"அப்பறம் எப்படி நம்மள மாதிரியே..."

"கத்துக்கினு நடிச்சிருக்கும்மா."

"கத்துக்கினா?" என்றாள். நம்ப முடியாதவள் மாதிரி இன்னொரு தரம் சொன்னாள். "நம்மளப் பாத்துக் கத்துக்கினா?"

நான் எங்கள் பேச்சை ஒவ்வொரு சொல்லாக மறந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அம்மாவுக்காக அந்த ஒரு நிமிஷம் 'கத்துக்கினு' என்று வந்ததுகூட எனக்கு உறுத்தியது.

சினிமாவைப் பற்றி எழுதத் தொடங்கியதும் நல்ல சொற்கள் எனக்குக் கிடைத்தன. மிகை, அடக்கம், காட்சிமொழி, மௌனம். இந்தச் சொற்களில் தப்பில்லை, 'உதிரிப்பூக்க'ளைப் புரிந்துகொள்ள அவை வேண்டும். ஆனால் அவற்றை வைத்து என்னால் ஒரு வெட்கத்தை ரசனையாக மாற்ற முடிந்தது. எங்கள் பொற்காலப் பட்டியல்களில் பெரும்பாலும் கிராமம் இருக்கும். '16 வயதினிலே' கேமராவை ஸ்டூடியோவிலிருந்து வெளியே கிராமத்துக்குக் கொண்டுபோனது என்று நாங்கள் எழுதாத வருஷமில்லை. ஆறு, வயல், கோயில், ஒற்றையடிப் பாதை. தூரத்து ஏழ்மை பார்க்க அழகாகத் தெரிகிறது. எனக்குக் கிராமமே கிடையாது. பிறந்ததிலிருந்து கரியும் உப்புக்காற்றும் சைரன் சத்தமும்தான். ஆனாலும் என் நினைவுகளெல்லாம் அந்த ஆற்றங்கரைகளில் இருப்பதுபோல் எழுதினேன். 'வறுமையின் நிறம் சிகப்பு' பட்டியலில் வந்தது. பட்டதாரியின் பசியை நான் என் பசி என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம். குப்பம்மாவின் பசியைச் சொன்னால் வீட்டு விலாசம் தெரிந்துவிடும்.

'பசி' குறையில்லாத படம் என்று இப்போது மாற்றிப் பேச வரவில்லை. துன்பத்தின் மேல் துன்பமாக அடுக்கிக்கொண்டு போகிற படம் அது, அந்தக் கனத்தில் சில காட்சிகள் தள்ளாடுகின்றன. ஆனால் 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியில் அழுகை இல்லையா? அதற்கு நான் நாலு பக்கம் எழுதினேனே. ஒரே அளவுகோலை இரண்டு படத்துக்கும் வைக்கவில்லை. அதுதான் விமர்சகனாக நான் செய்த துரோகம்.

மகனாகச் செய்ததை மேலே சொல்லிவிட்டேன். தகப்பனாகச் செய்ததும் ஒன்று இருக்கிறது. 2021 ஜூலையில், ஊரடங்கு தளர்ந்திருந்த நாட்களில், 'சார்பட்டா பரம்பரை'யை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். என் மகளுக்கு ரொம்பப் பெருமை. 'மெட்ராஸ்', 'வட சென்னை' எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "அப்பா, உங்க காலத்துல நம்ம ஏரியா ஆளுங்கள வச்சு யாருமே சீரியஸா படம் எடுக்கலியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

'உன்னைப்போல் ஒருவன்' எனக்குத் தெரியும். 'பசி' எனக்கு அம்மாவின் முந்தானை ஈரம் வரைக்கும் தெரியும். இருந்தும் 'இல்லம்மா' என்று சொன்னேன். அவள் ஆயாவைப் பற்றி அவளுக்கு இருக்கிற ஞாபகம், டீ வைத்துவிட்டு உள்ளே போகிற ஒரு அமைதியான கிழவி. ஆயா வாய்விட்டுப் பேசினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எங்களிடம் ஒரு கேசட்கூடக் கிடையாது.

கூட்டம் முடிந்த இரண்டாம் நாள், தனியாக உட்கார்ந்து 'பசி'யைத் திரும்பப் பார்த்தேன். நாற்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு. இயக்குநர் துரையும் அந்த வருஷம் ஏப்ரலில் இறந்திருந்தார். ஷோபா போய் எத்தனையோ காலம். விஜயனும் இல்லை. திரையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் நான் படத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்த இழுப்பு. கோபம் வந்தால் ஏறுகிற சுருதி. எங்கள் வீட்டில் எத்தனையோ வருஷமாகக் கேட்காத சத்தம் அது.

டிசம்பர் மாதக் கூட்டத்துக்கு நானாகவே போனேன். அந்தப் பையன் முன்வரிசை நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம், போன மாசம் எழுதின நோட்டைக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்தான். அந்தப் பக்கத்தைத் திருப்பி, அடிக்கோடு போட்ட இடத்தைக் காட்டி, "இத அடிச்சிடு தம்பி" என்றேன்.

"ஏன் சார்?"

சொல்ல நேரமாகும். அவன் நின்றுகொண்டே இருந்தான். அவன் விரித்துப் போட்ட நாற்காலி ஒன்றைக் காட்டி, குந்து என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். 'உக்காருங்க' என்றுதான் வந்தது.